நடந்தால் கால் கெட்டுவிடும்

ஓமேர்,

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடி. நான் முழங்கால் டாக்டரிடம் போகிறேன்.

"வெறும் சைக்கிளே ஓட்டி எலும்பு உளுத்துப்போச்சு, தினமும் நடங்க" என்று உன் டாக்டர் சொன்னதும், நேற்று என்னிடம் வந்து, "வாயேன், ஸ்கெல்டே ஆத்தங்கரைல சேர்ந்து நடக்கலாம்" என்கிறாய். கல்யாணமான நாள்முதல் நான் கூப்பிட்டேனே, அப்போதெல்லாம் "சைக்கிள் பந்தயக்காரன் நடக்க மாட்டான்டி, நடந்தா கால் கெட்டுடும்" என்றது யார்? இப்போது என்னால் மாடிப்படிகூட ஏற முடியவில்லை.

தனியாகவே போ. கல்யாண வருஷம் நீ நடப்பாய் என்று நான் வாங்கிய பூட்ஸ் கதவருகே இருக்கிறது. அடி தேயவே இல்லை.

மரியெட்

மழை பெய்திருக்கிறது, வழுக்கும். என் கைத்தடியை உனக்கு வைத்துவிட்டுப் போகிறேன். டாக்ஸி வரைக்கும் எனக்குப் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது.