பட்டியலில் அப்பாவின் பெயர்

பண்டத்தரிப்பு, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் விடுதியில் நான் சுகம். குருநகரில் நீங்களும் அம்மாவும் சுகந்தானே? காற்று பலமென்றால் கடலுக்குப் போகாதீர்கள்.

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. பள்ளி நூலகத்தின் கணினிப் பதிவில் முழுப்பெயர்கள் ஒரே பத்தியில் இருந்தன. அதைப் பிள்ளை பெயர், தகப்பன் பெயர் என்று இரண்டாகப் பிரிக்க, உயர்தர வகுப்பு ஜெனிஸ் அண்ணை ஒரு கட்டளைக் கோப்பு எழுதினார். அங்கே உதவிக்கு நிற்கும் நான், பிழை வந்தால் பழையபடி ஆக்கவும் ஒரு கோப்பு வேண்டுமென்றேன்.

“உமக்கேன் உந்தப் பயம்? புத்தகப் பூச்சி!” என்று சிரித்தபடி கட்டளையைத் தட்டினார்.

எங்களுக்குத் தகப்பன் பெயர்தானே முன்னுக்கு வரும்? அவர் முன்னுள்ளதைப் பிள்ளை பெயராக்கிவிட்டார். மறுநாள் காலைக் கூட்டத்தில், புத்தகம் திருப்பாதவர்களின் பட்டியலை நூலகப் பொறுப்பாசிரியர் சேர் வாசித்தார். “அருட்பிரகாசம், எழும்பும்!” என்று என் பெயருக்குப் பதிலாக உங்கள் பெயரைக் கூப்பிட்டார். மண்டபமே சிரித்தது.

நான் தனியே எழுதி வைத்திருந்த கோப்பை ஓடவிட்டேன். எல்லாப் பெயரும் பழையபடி வந்தன.

“கீழ் வகுப்புச் சின்னாக்கள் தொட்டுத்தான் குழம்பினது. நல்லகாலம், ஜெனிஸ் திருத்திப்போட்டான். இனி நீங்கள் ஒருத்தரும் கணினியைத் தொடக்கூடாது” என்றார் சேர்.

“ஓம் சேர்” என்றார் அண்ணை. அவ்வளவுதான்! என்ன அநியாயம், அப்பா! அந்தக் கோப்பின் முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. நாளைக்குச் சேரிடம் அதைக் காட்டியே நியாயம் கேட்பேன்.

தலைக்கு வைக்கும் எண்ணெய் முடிந்துவிட்டது. யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

படிப்பு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
கிறிஸ்ரினா