கடைசிச் சாவி எடுக்கும்வரை

மார்ச் 4

இன்றும் சொல்லவில்லை.

சொல்ல இடம் இருந்தது. காலைக் கூட்டம் கலைந்து, கடையில் நானும் அண்ணியும் மட்டும். பின்கட்டில் உட்கார்ந்து, பாறையில் மோதி வாய் பிளந்த அலைமேல் சறுக்கும் சர்ஃப் பலகை ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி தேநீரோடு வந்தாள். கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மருத்துவர் நோயாளியின் முதுகைத் தட்டிப் பார்ப்பதுபோல் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"இந்த மாசம் இருபதாம் தேதி பக்கத்து அறைத் தையல்காரர் காலி பண்றார். மக வீட்டோட போறாராம். இந்தச் சுவரை இடிச்சா அந்த அறை நமக்கு. உனக்குன்னு தனி இடம். இந்த ரெசின் பசை நாத்தத்துல உக்காந்து இரும வேண்டாம்."

"எதுக்கு அண்ணி?"

"எதுக்கா? எனக்கு விக்கத் தெரியும், பேசத் தெரியும். உடைஞ்சதை ஒட்டத் தெரிஞ்சவ இங்க நீ ஒருத்திதான்."

அங்கே சொல்லியிருக்கலாம். மலைப்பக்கத்து நகரத்தின் பெரிய நூலகத்தில், பழைய புத்தகங்களைச் செப்பனிடும் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பித்தேன். பன்னிரண்டாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். ஒன்றிலும் கடினமான சொல் இல்லை.

நான் சொன்னது: "தேநீர்ல சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி."

சுவரை இடிக்க இருபத்தைந்தாம் தேதி கொத்தனார் வருகிறார். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 6

காற்று இல்லை. கடல் எண்ணெய் தடவினாற்போலக் கிடந்தது. அலை இல்லாத நாளில்தான் கடைக்கு ஆள் அதிகம். எல்லோரும் வந்து கடலைத் திட்டிவிட்டு, எதிர் பேக்கரி அக்கா அனுப்பும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போகிறார்கள். அலைக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாத அக்கா. கடலில் இதுவரை கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனால் எங்கள் கடையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு.

மருந்துக்கடைக்காரர் ஆணிக் கதையை மறுபடியும் சொன்னார். புதிதாக வந்த ஒரு தம்பதிக்கு.

நுழைந்ததும் இடப்பக்கம் நீளமாக ஒரு மரச்சட்டம். அதில் வரிசையாக ஆணிகள். கடலுக்குள் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அதில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளவேண்டும். கடைசிச் சாவி எடுக்கும்வரை ஷட்டர் இறங்காது. எங்கள் கடையின் ஒரே சட்டம் அது.

கடை தொடங்கிய புதிதில் மருந்துக்கடைக்காரரை நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய் அடுத்த வளைகுடாவில் கரையேற்றியது. வெறுங்காலோடு சாலையைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தால், கடை பூட்டிக்கிடந்ததாம். "செத்துப்போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஒருத்தருக்குமே என்னைத் தேடணும்னு தோணலையே, அதைத்தான் தாங்க முடியல" என்று முடிப்பார். மறுநாளே அண்ணி ஆணி அடித்தாள்.

வாசலையொட்டிய ஆணி என்னுடையது. என் சாவியில், பலகையைக் காலோடு பிணைக்கும் கால்கயிறு ஒன்று அறுந்ததன் நீல நுனி கட்டியிருக்கும்.

மார்ச் 8

சொல்லவில்லை.

மார்ச் 9

ஏன் சொல்ல வரவில்லை என்று யோசித்தேன். அண்ணன் கப்பலில் போய்விடுகிறவன். வருடத்தில் பாதி நாள் நானும் அண்ணியும்தான் வீடு. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையில் இப்படிச் சிரித்துக்கொண்டு இருப்பதைத் தெருவே வேடிக்கையாகப் பார்க்கிறது. "எலியும் பூனையும் ஒரே தட்டுல சாப்பிடுது" என்பாள் பேக்கரி அக்கா. "இதுல எலி யாரு?" என்று கேட்பாள் அண்ணி.

தடுப்பாள் என்று பயமா? இல்லை. அண்ணி தடுக்க மாட்டாள். "போயிட்டு வா" என்பாள், பெட்டி இறக்கித் தருவாள், என் சட்டைகளை என்னைவிட நேர்த்தியாக மடித்து வைப்பாள். பிறகு அந்தச் சுவரைப் பார்ப்பாள். அதை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

நாவல்களில் யார் எந்த இடத்தில் வாய் திறந்திருக்க வேண்டும் என்று பக்கத்தோரம் பென்சிலால் குறித்து வைக்கிறவள் நான். வாய்க்கும் பென்சிலுக்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது.

மார்ச் 11

சொல்லாமல் இருப்பது ஒன்று. இன்று செய்தது வேறு.

"நாளைக்குக் காலையில பாறைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாக்கறேன் அண்ணி. அலை நல்லாருக்காம். கடைக்கு வர மத்தியானம் ஆகும்."

"தனியாவா?"

"யாராவது வருவாங்க."

"பார்த்துப் போ" என்றாள். அவ்வளவுதான். நம்பிக்கை வைத்திருக்கிறவர்களை ஏமாற்றுவதற்குத் திறமையே தேவைப்படுவதில்லை.

மார்ச் 12, பேருந்தில்

விடியுமுன் கடையின் பின்கதவு வழியாகப் போய் எடுத்து வந்துவிட்டேன். புது ஷூவையும் நல்ல சட்டையையும் ரெசின் டின்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்; என் பலகையை அங்கேயே பழுதுப் பலகைகளுக்கு நடுவில் செருகிவிட்டேன். பின்கதவின் எண்பூட்டு இந்தத் தெருவுக்கே மனப்பாடம். யாரும் எதையும் எடுத்ததில்லை. இன்று முதன்முறையாகத் திருடியைப்போல் நுழைந்தவள் நான்தான். அதுவும் என்னுடையதையே எடுக்க.

கடல் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

மார்ச் 13

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் அடங்கும்.

நேர்காணல் நன்றாகவே போனது. வெள்ளை மேலங்கி போட்ட அம்மா ஒருவர் என் விரல்களைப் பார்த்து, "இது என்ன கறை?" என்றார். ரெசின் என்றேன். பலகையில் விரிசல் விழுந்தால் முதலில் அது உள்ளே குடித்த ஈரம் முழுக்கக் காய வேண்டும், அவசரப்பட்டு மூடினால் உள்ளேயே அழுகும் என்று சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "புத்தகமும் அப்படித்தான்."

உள்ளே போகுமுன் போனை அணைத்தேன். திரும்ப உயிர்ப்பிக்கவில்லை. பேருந்தும் வழியில் நின்று நின்று வந்தது. யாரிடமும் பேசவேண்டியில்லாத அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. மத்தியானம் வருகிறேன் என்று சொன்னவள், பொழுது சாயும் நேரத்தில் இறங்கினேன்.

கடை திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. சட்டத்தில் ஆணி தவறாமல் சாவிகள். ஒரே ஆணியில் இரண்டு மூன்றுகூட. பலகைகள் சாய்த்து வைக்கும் சுவர் மொட்டையாக இருந்தது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் கடலுக்குள் போக ஒரு காரணம்தான் உண்டு. யாரோ திரும்பி வரவில்லை.

ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினேன். கரையில் தெருவே நின்றது. காற்று கிளம்பியிருந்தது, கடல் கலங்கிக் கிடந்தது. பாறைக்கு அப்பால் பலகைகள் கரும்புள்ளிகளாக ஏறி இறங்கின. பேக்கரி அக்கா எனக்கு முதுகு காட்டி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் தண்ணீரில், அக்கா.

"யாருக்கா வரல?"

"நம்ம பொண்ணுதான்" என்றாள், திரும்பாமலே. "காலையில பாறைக்கு அந்தப் பக்கம் போனவ. சாவி அப்படியே தொங்குது."

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பெண்களை ஒவ்வொருத்தியாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

அக்கா திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த ஷூவைப் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னை ஓர் அடி அடித்தாள். "அடிப்பாவி" என்றாள், சத்தமே வராமல். அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

விடியுமுன் கடைக்குள் இருட்டில் நுழைந்தபோது என் கால் தன் பாட்டில் முன்வாசல் சட்டம் வரை போய், கை சாவியை மாட்டியிருக்கிறது. மூன்று வருடமாகத் தினமும் செய்கிற வேலை. மனம் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டது. கை கடலுக்குப் போய்விட்டது.

மருந்துக்கடைக்காரர் கரையிலிருந்து விசில் ஊதினார். பலகைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசியாக வந்தது அண்ணி. கால்கயிற்றை அவிழ்க்க அவளால் முடியவில்லை. குனிந்து நான் அவிழ்த்தேன். நிமிர்ந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷூ புதுசா?"

"ம்."

"நல்லாருக்கு."

எல்லோரும் கடைக்கு வந்து ஒவ்வொருவராகச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் நீல நுனி கட்டிய ஒன்று மட்டும் தொங்கியது. அண்ணி அதை எடுத்துத் தரவில்லை. ஷட்டர் கொக்கியைப் பிடித்தபடி காத்திருந்தாள். நானே போய் எடுத்தேன். பிறகு மூடினாள்.

மார்ச் 14

பன்னிரண்டாம் தேதி கடை மூடி வீட்டுக்கு நடந்து வரும்போதே அண்ணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்பதை நேற்று எழுத விட்டுப்போயிற்று. நூலகம், விண்ணப்பம், எல்லாம். அண்ணி "சரி" என்றாள். அதற்குப் பிறகு பேச்செல்லாம் கடைப்பேச்சுதான். "மெழுகு தீர்ந்துபோச்சு." "அந்த உப்புத்தாளை எடு."

மார்ச் 16

அண்ணன் கப்பலிலிருந்து பேசினான். "என்னடி, செத்துப் பொழச்சியாமே?" பிறகு என்ன சாப்பிட்டேன் என்று இரண்டு தடவை கேட்டான்.

மருந்துக்கடைக்காரர் தினமும் கேட்கிறார்: "இன்னைக்குக் கடலா, பஸ்ஸா?" கேட்டுவிட்டு என் ஆணியை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

மார்ச் 21

அழைப்பு வந்தது. எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் இறுதியில் சேரவேண்டும்.

போனை வைத்த கையோடு அண்ணியிடம் போனேன். ஒரு பலகையில் கால் வழுக்காமலிருக்கப் பூசிய பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"நான் தடுப்பேன்னு நெனச்சியா?"

"இல்ல அண்ணி. தடுக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் சொல்ல முடியல."

"நல்லா இருக்கே உன் நியாயம்." கொஞ்ச நேரம் சுரண்டினாள். "பாறைக்கு அந்தப் பக்கம் நாலு தடவை போயிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும், இவ அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்னு நெனச்சேன்னு சொன்னா, அது பொய். அவனை நெனைக்கவே இல்ல. இனிமே நான் யாரோட சண்டை போடுவேன்னுதான் நெனச்சேன்."

"நாம சண்டையே போட்டதில்லையே அண்ணி."

"அதைத்தான் சொல்றேன். பாக்கி நெறைய இருக்கு."

மெழுகுத் துருவலை என் மேல் ஊதினாள். ஒன்பது நாளில் முதல் சிரிப்பு.

மார்ச் 25

கொத்தனார் சம்மட்டியோடு வந்தார். அண்ணி சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"இடிக்க வேண்டாம். இதுல ஒரு சட்டம் பதிச்சு நாலஞ்சு ஆணி அடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க."

"ஏம்மா, ஆணி அடிக்கிறதுக்கா கொத்தனாரைக் கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டப்ப இடிக்கத்தான் கூப்பிட்டேன். இப்ப அடிங்க."

அவர் என்னைப் பார்த்தார், எங்கள் வீட்டில் யாருக்கோ மனநிலை சரியில்லை என்பதுபோல. அடித்துக் கொடுத்தார்.

"இது வெளியூர் போறவங்களுக்கு" என்றாள் அண்ணி. "போகும்போது வீட்டுச் சாவியை இதுல மாட்டிட்டுப் போ. அந்தச் சட்டத்துல மாட்டித் தொலைச்சிடாதே. இது கணக்குல சேராது. இதுக்காகக் கடையைத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருக்க மாட்டேன்."

"திறந்து வைக்கணும்னு நான் சொல்லலையே."

"நீ எதைத்தான் சொல்லியிருக்கே?"

தையல்காரரின் அறையைப் பேக்கரி அக்கா எடுத்துக்கொண்டாள். மாவு மூட்டை வைக்க.

ஏப்ரல் 21

புது ஆணியில் சாவியை மாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 24

முதல் நாள். அட்டை பிய்ந்த ஒரு பழைய புவியியல் நூல் கொடுத்தார்கள். உள்ளே கடற்கரை வரைபடம் ஒன்று, மடிப்போடு கிழிந்திருக்கிறது. முதலில் காய வேண்டும்.

அறை சிறியது. சன்னலில் மலை. மலை நகர்வதே இல்லை, பழகவேண்டும்.

அறைக்கு வந்ததும் அண்ணிக்கு "வந்துட்டேன்" என்று அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில்: "மூடியாச்சு." ஏழு மணி, கடை மூடும் நேரம்தான் அது.

மே 6

தினமும் இதேதான். வந்துட்டேன். மூடியாச்சு. நாங்கள் இருவரும் இவ்வளவு ஒழுங்காக எதையும் பேசிக்கொண்டதில்லை.

மே 15

இன்னொரு சாவியும் வந்துவிட்டதாம் என் ஆணிக்குப் பக்கத்தில். தையல்காரர் ஒருநாள் வந்து, காலி செய்த அறையின் பழைய சாவியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனாராம். "பூட்டை மாத்தியாச்சு, அது இனி எதுக்கும் சேராது, ஆனா மனுஷன் கேக்கல" என்றாள் அண்ணி.

ஜூன் 3

வேலை முடிந்து வெள்ளை மேலங்கி அம்மாவோடு ஓர் உரை கேட்கப் போனேன். பிறகு அவர் வீட்டில் சாப்பாடு. நன்றாகப் பேசினேன், நானே கேட்டு வியக்கும் அளவுக்கு. அறைக்கு வந்தபிறகுதான் நினைவு வந்தது, மணி ஒன்பது. "வந்துட்டேன்" என்று அனுப்பினேன்.

உடனே வந்தது: "மூடியாச்சு."

ஜூன் 4

பேக்கரி அக்கா காலையில் அழைத்தாள், வேறெதற்கோ. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: நேற்று அலையே இல்லை, கடலுக்குள் யாருமே போகவில்லை, வாசல் சட்டத்தில் ஒரு சாவி கிடையாது. கடை ஒன்பது மணி வரைக்கும் திறந்திருந்தது.