கல்யாணத்தை நிறுத்தச் சொன்ன உன் தந்திக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் வலி மட்டும் அதன் இஷ்டத்துக்கு வருகிறது போகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன், உன் மேல் கோபம் தலைக்கேறி நிற்கிற நாளிலும் அதில் தவறுவதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாவது உன் பேரையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். சின்னவளுக்கு இருமல் நின்றதா? ஈரத் தலையோடு ஜன்னலோரம் படுக்க விடாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. போன வாரம், நம் கோவிலில், நீ வேண்டாமென்று சொன்ன அதே பெண்ணோடு. உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மறதியில்லை, தபால் தாமதமும் இல்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கூடப்பிறந்தவன் உனக்கு ஒருவன்தான், அவன் கல்யாணத்தை நீ பார்க்கவில்லை, இதைத் துக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, ஆத்திரத்தில் எழுதுகிறேன். தந்தி ஆபீஸுக்குப் போய் நின்று, யாரோ ஒரு குமாஸ்தாவிடம், என் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணைப் பற்றி ஊர் பேர் தெரியாதவள், வேறு புருஷன் இருக்கலாம், நிறுத்தவும் என்று எழுதிக் கொடுக்க உனக்கு எப்படியடி மனசு வந்தது? என்னிடம் கேட்டிருக்கலாம். தம்பியிடம் கேட்டிருக்கலாம். நேராகப் போதகருக்கு அடித்தாய். நீ அவளைக் கண்ணால் கண்டதில்லை, அவளைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் விசாரித்ததில்லை, உன் மாமியார் முகம் சுளிப்பாரே என்ற ஒரே பயத்தில் ஒரு பெண்ணின் தலையில் மண்ணை வாரிப் போட்டாய். ஆகையால் அடுப்பிலிருப்பதை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து இதை முழுசாகப் படி.

உன் தம்பியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நீ ஊரை விட்டுப் போய் இத்தனை வருஷத்தில் அவன் மாறியிருப்பான் என்று நினைத்திருந்தால், மாறவில்லை. அவன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரித் தோட்டத்தில் பெரிய டாக்டர் பூவைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னால் இவன் மண்வெட்டியைப் பார்த்துத் தலையாட்டுவான். நர்ஸுகள் கூட்டமாக வந்தால் வேலிச்செடிக்குப் பின்னால் குனிந்துகொள்வான், அவர்கள் வைத்த பேர் தொட்டாற்சிணுங்கி. உப்பு வாங்கப் போனால் கடை காலியாகிற வரைக்கும் எதிர்ப்பக்கம் நிற்பான். எனக்குப் பிறகு இவன் யாரோடு பேசுவான் என்று நான் அழாத நாளில்லை. அப்படிப்பட்டவன் கண்ணில்தான் அவள் பட்டாள். சாணை பிடிக்கிறவள். சக்கரத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள், ஆஸ்பத்திரிக்கும் வந்து சமையல்கட்டுக் கத்திகளையும் நான் வேலை பார்க்கிற துணி அறைக் கத்தரிகளையும் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். துணி அறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல், அதனால் எனக்கு எல்லாம் தெரியும். சக்கரத்தை மிதிக்கிறபோது அவள் ஞானப்பாட்டு பாடுவாள், சாணைச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். ஒருநாள் முதல் அடியை அவள் பாடி மூச்சு வாங்க நிறுத்தினபோது வேலிக்குப் பின்னாலிருந்து இரண்டாவது அடி வந்தது. உன் தம்பி குரல். நான் கையிலிருந்த போர்வையைக் கீழே போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு தோட்டத்துக் கத்தரி அடிக்கடி மழுங்க ஆரம்பித்தது. எப்படி மழுங்கியது என்றால், அவள் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், உன் அருமைத் தம்பி கிணற்றடிக் கல்லில் கத்தரியைப் போட்டுத் தேய் தேயென்று தேய்ப்பான். ஒருநாள் ஆஸ்பத்திரிச் சாமானை நாசம் பண்ணுகிறானே என்று ஜன்னலைத் திறந்து கத்தலாமென்று போனேன், அதற்குள் அவளே கேட்டுவிட்டாள், "இந்தக் கத்தரியை வச்சு செடி வெட்டுறீங்களா, கல்லு வெட்டுறீங்களா?" இவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "கல்லுலதான் தேய்ச்சேன்" என்றான். பொய் சொல்லவும் தெரியாத ஜென்மம். ஏன் என்று கேட்டாள். "நீங்க வரணும்னு." அவ்வளவுதான், உன் தம்பி தன் வாழ்நாளில் பேசின காதல் பேச்சு முழுக்க அதுதான். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவன் அன்றைக்கே கிணற்றில் குதித்திருப்பான். கத்தரியை வாங்கி நிதானமாகத் தீட்டிக் கொடுத்துவிட்டு, நான் எல்லா ஊரிலும் விதை போட்டதைப் பார்த்திருக்கிறேன், பூத்ததைப் பார்த்ததில்லை, அதற்குள் கிளம்பிவிடுவோம் என்று சொன்னாளாம். அவன் சுவரோரம் ஒரு பாத்தி கொத்தி விதை போட்டான். அது முளைத்ததா என்று பார்க்க அவள் வந்தாள், மொட்டு விட்டதா என்று பார்க்க வந்தாள், பூத்தபோது இந்த ஊரிலேயே ஒரு குடித்தன அறை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசி பெஞ்சில் உட்காருவாள், நான் முன்னால் வந்து உட்காரம்மா என்றால் "இருக்கட்டும், இங்கேயே நல்லாக் கேக்குது" என்பாள். அவளுக்குத் தாய் நினைவில்லை. தகப்பனார்தான் சக்கரமும் கையுமாக இழுத்துக்கொண்டு திரிந்து வளர்த்தவர், அந்தப் பெரிய காய்ச்சல் வந்த வருஷம் வழியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இதெல்லாம் அவள் எனக்கு மறைக்காமல் சொன்னது, நான் உனக்கு மறைக்காமல் எழுதினது. சந்தோஷத்தில் எழுதினேன். அதைக் கொண்டுபோய் நீ தந்தியாக்கினாய்.

கோவிலில் என்ன நடந்தது என்று கேள். மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பில் முதல் ஞாயிறு வாசித்தாயிற்று. இரண்டாவது ஞாயிறு, ஆட்சேபணை உண்டோ என்று கேட்கிற இடத்தில் போதகர், ஒரு ஆட்சேபணை வந்திருக்கிறது, மறைக்க எனக்கு அதிகாரமில்லை என்று சொல்லி உன் தந்தியை எடுத்து வாசித்தார். அனுப்பினது யார் என்பதையும் வாசித்தார். கோவில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது, பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள். "எனக்குப் புருஷன்னு யாரும் இருந்ததில்ல. ஆனா அதைச் சொல்ல இங்க எனக்கு யாரும் இல்ல" என்றாள். குரல் உடையவில்லை. யாராவது வாயைத் திறப்பார்களா என்று சுற்றிப் பார்த்தாள். உன் தம்பி ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தேதான் இருந்தான். நான் எழுந்து ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை, அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். சாயங்காலம் அறைக்குப் போய்ப் பார்த்தால் சக்கரமும் இல்லை, ஆளும் இல்லை.

அன்றைக்கு உன் தம்பியை நான் திட்டின திட்டு இந்த வீட்டுச் சுவருக்குத் தெரியும். உனக்கு நாக்கு எதற்கு, ஆண்டவர் அதை உனக்கு எதற்குக் கொடுத்தார் என்று கேட்டேன். மறுநாள் விடிந்ததும் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, "தோட்டத்தைப் பாத்துக்கம்மா" என்றான், போய்விட்டான். வெயில் கொளுத்துகிற காலம், கிணற்றில் தண்ணீர் அடியோடு கிடக்கிறது, நானும் இரண்டு நர்ஸுகளும் வாளி தூக்கினோம், என் முழங்கால் இப்படி ஆனதற்கும் உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கடைக்காரனிடம் உப்பு கேட்கத் தெரியாதவன், போகிற ஊரிலெல்லாம், சந்தையிலும் சத்திரத்திலும், முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி சாணைக்காரியைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறான். திக்குவதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்களாம். "முதல் ஊர்ல வாயைத் திறக்கவே மத்தியானம் ஆயிடுச்சும்மா, அப்புறம் பழகிடுச்சு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். அதைக் கேட்டு நான் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டேன்.

கடைசியில் பாலத்தடிக் கோவில் ஒன்றில் கண்டுபிடித்தான், அங்கேதான் அவள் தகப்பனாரை அடக்கம் பண்ணியிருக்கிறது. இவனைப் பார்த்ததும் அவள் ஓடிவந்து காலில் விழுந்தாள் என்று நினைக்கிறாயா? "எதுக்கு வந்தீங்க? உங்க ஊர்ல என்னை நம்ப ஆளில்ல" என்றாள். நான் நம்புகிறேன் என்றான். "அன்னிக்கு அதைச் சொல்லலையே." இவன், "வாய் வரல, அதைச் சொல்லத்தான் தேடிக்கிட்டு வந்தேன்" என்றான். அது போதாது என்றுவிட்டாள். நியாயம்தானே, நானாயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இவன் திரும்பி வரவில்லை, அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே களை பிடுங்க ஆரம்பித்தான். அவளை ஒன்றும் கேட்கவில்லை, வழியில் போய் நிற்கவில்லை, களை பிடுங்கினான், தண்ணீர் ஊற்றினான், ராத்திரி கோவில் முகப்பில் படுத்துக்கொண்டான். அந்தக் கோவிலின் வயசான போதகர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு இருவரையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். இவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அவர்தான், தகப்பனார் போன பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் வைத்துச் சோறு போட்டதும் அவர் சம்சாரம்தான், இவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஒரு சாட்சிக் கடுதாசி எழுதிக் கொடுங்கள் போதும் என்று உன் தம்பி கேட்டதற்கு அவர், "பழி தந்தியில வந்துச்சு, பதில் ஆளா வரட்டும்" என்றாராம். அந்த வயசில் குதிரைவண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தார். அவளும் வந்தாள். "உங்களுக்காக வரல, என் பேரைக் காப்பாத்திக்க வர்றேன்" என்று இவனிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாளாம்.

அடுத்த ஞாயிறு பெரியவர் நம் கோவிலில் நின்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், நம் போதகர் ஆட்சேபணை பொய் என்று தள்ளினார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது ஆண்கள் பக்கம் ஒருவன் எழுந்து நிற்கிறான். உன் தம்பி. கை முன்பெஞ்சைப் பிடித்திருக்கிற பிடியில் விரலெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. "அன்னிக்கு இவங்க தனியா எழுந்து நின்னாங்க, நான் உக்காந்திருந்தேன். எல்லார் முன்னாடியும் உக்காந்திருந்தேன், அதனால எல்லார் முன்னாடியும் கேக்குறேன், என்னை மன்னிக்கணும்" என்றான். நடுவில் இரண்டு இடத்தில் திக்கினான், ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள், நடு வழியே நடந்து வந்து என் பக்கத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்தாள், சாணைக் கல்லிலே காய்த்துப்போன கை. நான் அழுதேன். உன்னை நினைத்தும் அழுதேன், உன் மேல் ஆத்திரமாக இருந்தாலும் நீ அங்கே இல்லையே என்றும் அழுதேன், அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நின்றுபோன அறிவிப்பை வாசித்து முடித்துக் கல்யாணம் நடந்தது. தோட்டத்துப் பூவை அவனே வெட்டிக் கொடுத்தான். இனி அவள் ஊர் சுற்றுவாளா என்று நீ கேட்பாய். சுற்றுவாள். மழை விட்ட மாசங்களில் சக்கரத்தோடு போவாள், அவள் தொழில் அது, உன் தம்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவான், விதைப்புக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். இருவரும் பேசி முடிவு பண்ணினது, அதில் எனக்கும் வேலையில்லை உனக்கும் வேலையில்லை.

உனக்கு எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். அவள்தான் விடவில்லை. "அக்காவைப் பார்க்காம எப்படி அத்தை, ஒரே ஒரு நாத்தனார் எனக்கு" என்கிறாள். உன்னை மன்னித்துவிட்டாளாம். அவள் மனசு பெரிது, என் மனசு அவ்வளவு பெரிதில்லை, பெற்றவளுக்குக் கோபம் ஆற நாளாகும். அடுத்த வியாழக்கிழமைக் காலை ரயிலில் இருவரும் உன் ஊருக்கு வருகிறார்கள். உன் தம்பிக்கு இதுதான் முதல் ரயில், பெட்டியில் யாரோடும் பேச வேண்டியிருக்குமோ என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், அவருக்கு இதில் பங்கில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை ஆண்டவர் கண்ணின் மணிபோல் காக்கட்டும். உன்னையும் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியையும் தரட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பாதே, நீயே போய் நில். வீட்டுக்குப் பின்வாசல் வழியாக அழைத்துக்கொண்டு போகாதே. உன் மாமியாரும் ஓரகத்தியும் அக்கம்பக்கத்தாரும் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இவள் என் தம்பி மனைவி, இவளைப் பற்றி நான் சொன்னது பொய் என்று சொல். முணுமுணுக்காதே. இங்கே உன் தந்தியைப் போதகர் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படிதான் வாசித்தார்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா