துரையோடு நீங்கள் ஏறிய தராசு

நங்கையா,

இன்று காலை என் மகள் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறினாள். பூனை கொழுத்துவிட்டது என்று கொஞ்ச நாளாகவே வீட்டில் ஒரே புலம்பல். தீனியைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது தனியாக மெஷினில் நிற்காது. அதனால் இவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி, முள்ளைப் பார்த்துவிட்டு, "கொறஞ்சிருக்குதுங்ப்பா! டயட்டு வேலை செய்யுது" என்று சிரித்தாள்.

"பூனைய எறக்கி உடு. நீ மட்டும் ஏறு" என்று கத்திவிட்டேன். காப்பி கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். மகள் பூனையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதையும் இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல்வரை போகிறேன், திரும்பி வருகிறேன். உங்களைப் பற்றி அவளுக்கு நான் எதுவுமே சொன்னதில்லை. தான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட ஒரு பெரியம்மா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் உடுமலைப்பேட்டைக்கு வெளியே அண்ணனுக்குக் கொப்பரைக் களம் இருந்தது. அண்ணன் பாதி நாள் வெளியூரில். குடோனும் தராசும் என் பொறுப்பு. அண்ணன் மனைவியான நீங்களோ வீடு, களம், களத்து ஆட்கள், நான் என்று எல்லாவற்றையும் மேய்த்தீர்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. உங்கள் கைச்சோறுதான் மூன்று வேளையும். "ஏனுங் தம்பி, கணக்கு மட்டும் வாய் நெறையப் பேசறீங்க, சோத்த மெல்லாம முழுங்கறீங்க" என்று பரிமாறிக்கொண்டே கேலி செய்வீர்கள்.

கொட்டாங்கச்சிக் குவியலைக் கிளறியபோது கிடைத்த கீரிக்குட்டிதான் துரை. இன்று கீரியை வீட்டில் வைத்திருந்தால் சட்டம் சும்மா விடாது. அன்று அதை யார் கேட்டார்கள்? கண் சரியாகத் திறக்காத அந்தக் குட்டிக்குத் துணியை நனைத்துப் பால் புகட்டினீர்கள். வளர்ந்ததும் குடோனில் எலி என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. மூட்டைகளுக்கு நடுவே வாலை நீட்டிக்கொண்டு மேற்பார்வை பார்ப்பதுபோல் நடக்கும். நீங்கள்தான் துரை என்று பெயர் வைத்தீர்கள். என்னிடமும் அண்ணனிடமும் சீறும். உங்கள் மடி மட்டும் அதற்குச் சொந்தம்.

ஒரு வருடம் அது ஊதத் தொடங்கியது. வயிறு தரையைத் தொட்டது. எலி குறுக்கே ஓடினால் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. குடோனில் கொப்பரை கடிபட ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கோயம்புத்தூரைத் தாண்டித் துடியலூர்ப் பக்கம் ஒரு மிருக வைத்தியர் நாயும் பூனையும் மட்டுமல்ல, எதையும் பார்ப்பார் என்று கேள்விப்பட்டு, மூடி போட்ட கூடையில் அதைக் கொண்டுபோனோம். பஸ்ஸில் கண்டக்டர் "கூடையில என்னங்க சத்தம்?" என்றதற்கு, "எங்கூட்டுத் தொரைங்க, டிக்கெட் வேணுமுங்களா?" என்றீர்கள். கோயம்புத்தூர் வரும்வரை பஸ்ஸே சிரித்தது.

வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். குளிர்காலத்தில் உடம்பில் கொஞ்சம் சதை போடுவது இயற்கை, வெயில் வந்தால் தானே இறங்கும். கண்டதைப் போட்டாலும் கொழுக்கும். சில சமயம் உள்ளே நோய் இருந்து வயிற்றில் நீர் கட்டியும் எடை கூடும். "முதுகைத் தடவிப் பாருங்க. எலும்பு தட்டுப்பட்டு வயிறு மட்டும் பெருத்திருந்தா நோய். எலும்பே தட்டலீன்னா தீனி." துரையின் முதுகில் எலும்பு தட்டவே இல்லை. "யாரோ நல்லாப் போடறாங்க" என்றார். முட்டையை நிறுத்தி, வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொன்னார்.

அங்கேதான் என் மூளை புகுந்தது. துரை தராசில் நிற்காது. சாக்கில் போட்டால் கிழித்துக்கொண்டு வரும். ஆகவே நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு மூட்டை நிறுக்கும் தராசில் ஏற வேண்டும், உங்கள் எடையை நான் கழித்துக்கொள்வேன். முதல் முறை உங்களைத் தனியாகவும் ஏற்றி நிறுத்தேன். அடுத்த வாரமும் தனியாக ஏறச் சொன்னபோது, "என்னை எதுக்குங் தம்பி சும்மா சும்மா நிறுக்கறீங்க? நான் என்ன கொப்பரையா, காய்ஞ்சு போறதுக்கு?" என்றீர்கள். நியாயமாகப் பட்டது. உங்கள் எடை என் மனத்தில் இருந்தது. அது மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வாரத்துக்கு வாரம் மொத்த எடை குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் வைத்தியரைவிட நான் கெட்டிக்காரன் என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் போனா உங்க கணக்குல தொரை காத்தாப் போயிருமுங்க" என்று நீங்களும் சிரித்தீர்கள். எப்படி நங்கையா சிரித்தீர்கள்? இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் ஒரு மத்தியானம் களத்திலிருந்து கூச்சல். "ஏனுங்க, ஓடியாங்க! தொரை மாட்டிக்கிச்சுங்க!" குடோன் சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு துவாரம் உண்டு. துரை தினமும் போய்வரும் வழி. அன்று தலையும் முன்னங்காலும் வெளியே, வயிறு உள்ளே. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் கிறீச்சிட்டது. களத்துப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் தேங்காயெண்ணெய் ஊற்றி, பேசிப் பேசி அதை வெளியே இழுத்தீர்கள். இழுத்த பிறகு மூச்சு வாங்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். இத்தனை நாள் நுழைந்து வந்த துவாரத்தில் இன்று மாட்டிக்கொள்கிறது. தராசோ இளைத்துவிட்டது என்கிறது. முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டேன். எடைக்கல்லை எடுத்து வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. துரையை இரட்டைச் சாக்கில் திணித்தேன். திணிப்பதற்குள் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட நிறுத்தேன். முதல் நாளைவிடக் கூடியிருந்தது. நன்றாகவே கூடியிருந்தது.

அப்படியானால் குறைந்தது எது?

திரும்பிப் பார்த்தேன். நீங்கள் குடோன் வாசலில் நின்றிருந்தீர்கள். ரவிக்கையின் தோளில் இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திச் சுருக்கியிருந்தது. கண்ணாடி வளையல்கள் முழங்கைக்கு ஏறியிருந்தன. தினமும் பார்க்கிற ஆள்தான். "நங்கையா, நீங்க ஏறுங்க. தனியா ஏறுங்க" என்றேன். "விரலுக்கு மஞ்சத்தூள் வைங்க மொதல்ல" என்றீர்கள். "ஏறுங்க" என்று கத்தினேன். உங்களிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

ஏறினீர்கள். நான் எடைக்கல்லை எடுக்க எடுக்கத் தராசு இன்னும் எடு என்றது.

"எத்தன நாளா?" என்றேன்.

"தொண்டைக்குக் கீழ நிக்குதுங் தம்பி. சோறு எறங்க மாட்டீங்குது. மொதல்ல சோறு, இப்பத் தண்ணிகூட." புழக்கடையில் சாப்பிடுகிறேன் என்று நீங்கள் தட்டில் எடுத்துப்போன சோறெல்லாம் துரைக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சாக்கை அவிழ்த்துத் துரையை மடியில் விட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "சொன்னா நீங்க அல்லாரும் என்னையப் பரிதாபமாப் பாப்பீங்க. இது பாக்காது. நான் வெச்சதத் தின்னு போட்டுத் தூங்கும். அது திங்கறதப் பாத்தா நானே தின்னாப்பல இருக்குமுங்க."

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உணவுக்குழாயில் புற்று என்றார்கள். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். முன்னாலேயே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் என் கட்டைவிரல் கட்டைப் பார்த்து, "தம்பிக்கு ஊசி போட்டாங்களா?" என்று நர்சிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் எல்லோரும் உங்களைப் பரிதாபமாகத்தான் பார்த்தோம். பார்க்காமல் இருக்க எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த மழை முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

துரை யார் வைத்ததையும் தொடவில்லை. உங்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்து இளைத்தது. ஒரு நாள் அந்தத் துவாரத்தில் சுவர் உரசாமல் நுழைந்து வெளியே போனது. போனதுதான்.

கொப்பரை வியாபாரத்தை விட்டுக் கோயம்புத்தூர் வந்து வெகு காலம் ஆகிறது. ஆனாலும் யாராவது இளைத்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னால் சோறு இறங்குகிறதா என்று கேட்டுவிடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் யாராவது தட்டோடு எழுந்தால் கூடவே எழுந்து போய்ப் பார்க்கிறேன். என் மனைவிக்கு இது எரிச்சல். விருந்தாளிகள் சங்கடப்படுகிறார்கள். படட்டும்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் மகளின் கதவைத் தட்டினேன், நங்கையா. உங்களைப் பற்றிச் சொன்னேன். துரையைப் பற்றி, தராசைப் பற்றி, எல்லாம். விரல் தழும்பையும் காட்டினேன். அவள் பூனையைக் கட்டிலில் விட்டுவிட்டு வெளியே வந்து, தனியாக மெஷினில் ஏறினாள். நான் குனிந்து பார்த்தேன்.

"எவ்வளவுங்ப்பா?"

"போன தடவை நீ தனியா ஏறுனதவிட அரைக் கிலோ கூட."

"அய்யோ, நான்தான் குண்டாயிட்டனா?" என்று முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. முதல் வேலையாக, சாப்பிட வா கண்ணு என்று கூட்டிப்போய் இலை போட்டேன்.