தக்காளிக்கு முள் இல்லை

கல்பாத்தி,
8.2.1979

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்வர்ணாவின் நமஸ்காரம். ரயில் பிரயாணத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. வயிற்றுக் குழந்தை சௌக்கியம். அம்மா என்னை அடுக்களைப் பக்கமே விடுவதில்லை.

மொட்டைமாடியில் தேங்காய்ச் சிரட்டைகளில் இருக்கும் தக்காளி நாற்றுகளை இந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டிகளுக்கு மாற்றிவிடுங்கள். இனியும் விட்டால் வேர் சுருண்டுபோகும். சட்டிகளில் மண்ணும் சாணமும் சாம்பலும் கலந்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டினால் மண்ணோடு வரும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டு பாதி மறையும்படி ஆழமாக நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும். இரண்டு நாள் வெயில் படக்கூடாது.

உங்கள் அண்ணா வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த மாடி மூலை ஒன்றுதான். "கொழந்தையோட நீ நேரா செர்லாய் வாடகை வீட்டுக்குத்தான் வரப்போறாய்" என்று ரயிலடியில் சொன்னீர்களே, அண்ணாவிடம் பேசியாயிற்றா? தாமதித்தால் வீட்டுக்காரர் நாணு வேறு யாருக்காவது விட்டுவிடுவார்.

உங்கள்
ஸ்வர்ணா


மட்டாஞ்சேரி,
20.2.1979

சௌபாக்கியவதி ஸ்வர்ணாவுக்கு,

ஆசீர்வாதம். உன் உத்தரவுப்படி ஞாயிற்றுக்கிழமையே நாற்றுகளை மாற்றிவிட்டேன். லேசான வேலை இல்லை. முள் குத்தி இரண்டு விரலில் ரத்தம். மறுநாள் மிளகுக் கம்பெனியில் பேனா பிடிக்க முடியவில்லை. உன் தோட்டத்துக்காக ரத்தம் சிந்தியவன் என்று ஞாபகம் வைத்துக்கொள். செடிகள் ஜோராக இருக்கின்றன.

செர்லாய் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அண்ணாவும் சந்தோஷமாகச் சம்மதித்தார். வெள்ளையடித்ததும் சாவி கிடைக்கும். டானிக்கை மறக்காதே.

உன் பிரியமுள்ள
வைத்தீஸ்வரன்


கல்பாத்தி,
26.2.1979

உங்களுக்கு நமஸ்காரம்.

தக்காளிச் செடிக்கு முள் கிடையாது. சில கத்திரிச் செடிக்கு உண்டு. தக்காளி நாற்றைத் தொட்டிருந்தால் கையில் ஒட்டும் பச்சைக் கறையைப் பற்றி எழுதியிருப்பீர்கள், சோப்புப் போட்டாலும் போகாத வாடையைப் பற்றி எழுதியிருப்பீர்கள். ரத்தத்தைப் பற்றி எழுதியிருக்கமாட்டீர்கள்.

நாற்றுகள் எங்கே?

நேரமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். இப்படி ஒரு கதையை ஜோடித்து அனுப்ப எப்படி மனம் வந்தது? நிறைமாதத்துக்காரிக்கு எதைச் சொன்னாலும் நம்புவாள் என்றா? இப்போது அந்தக் கடிதத்தின் அடுத்த பாராவைப் படிக்கவும் பயமாக இருக்கிறது. நாணுவிடம் அட்வான்ஸ் கொடுத்தது நிஜமா? அண்ணா சம்மதித்தது நிஜமா? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

ஸ்வர்ணா


மட்டாஞ்சேரி,
5.3.1979

ஸ்வர்ணாவுக்கு,

நாலு செடிக்காகக் கட்டின புருஷனை இப்படியா கேள்வி கேட்பது? நடந்தது இதுதான். மன்னிக்கு வடாம் காயப்போட மாடி வேண்டியிருந்தது. நான் கம்பெனியிலிருந்து வந்தபோது சிரட்டைகள் குப்பையில் கிடந்தன. சட்டி மண்ணையும் கொட்டிவிட்டிருந்தாள். "கேக்காம எடுத்துட்டேனேன்னு கோவமா, வைத்தி?" என்று அவளே கேட்டாள். "அதனாலென்ன, மன்னி" என்றேன். வேறென்ன சொல்வது? பக்கத்தில் அண்ணா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர். உன் மனது கஷ்டப்படக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். அது ஒரு குற்றமா?

மார்க்கெட்டில் தக்காளிக்கு என்ன பஞ்சம்? நீ வா, கூடை கூடையாக வாங்கித் தருகிறேன். மன்னி உனக்கென்று ஒரு டின் வடாம் எடுத்து வைத்திருக்கிறாள்.

வைத்தீஸ்வரன்


கல்பாத்தி,
12.3.1979

உங்களுக்கு நமஸ்காரம்.

நான் கேட்டது இரண்டு கேள்வி. அண்ணா படிக்கவைத்தது, மன்னியின் வடாம், மார்க்கெட் தக்காளி எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். செர்லாய் வீட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

மன்னியின் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு மாடி வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டாள். அது என் பெண்டாட்டியுடையது என்று சொல்ல அங்கே நீங்கள் ஒருவர் இருந்தீர்கள். சொல்லவில்லை. ஒரு சட்டி மண்ணுக்குத் திறக்காத வாய் ஒரு வீட்டுக்கா திறக்கும்?

உங்கள் அண்ணா வீட்டுக்கு நான் திரும்பி வருவதாக இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "நன்னா ஆலோசிச்சுண்டு எழுது" என்றார். ஆலோசித்துத்தான் எழுதுகிறேன்.

குழந்தை பிறந்ததும் தந்தி வரும். பதினோராம் நாள் புண்யாகத்துக்கு அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்களுக்குத் தனி வீடு வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்து நானே கேட்கிறேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அதுவும் முடியாதென்றால், சாப்பிட்டுவிட்டு அண்ணாவோடு நீங்களும் சாயங்கால வண்டிக்குக் கிளம்பலாம்.

ஸ்வர்ணலதா