ஒரே அடியில் பிடித்த கம்பி

இன்று காலை புதுத் தச்சு மேசையின் பலகையில் துளை போட்டேன். இறக்குமதி மெஷின்கள் வந்த பெட்டியைப் பிரித்து எடுத்த பைன் பலகை. ட்ரில் இறங்க இறங்கத் தூள் சுருள் சுருளாக மேலே வந்தது, கூடவே அந்த டர்பன்டைன் வாசனையும். நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆனாலும் இந்த வாசனை வந்தால் வாசலில் நீ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தத்தைக் காது எதிர்பார்க்கிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதற்கு வருமுன் நடந்ததை முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி உதிரி பாகம் அடிக்கிற ஒரு கம்பெனியில் நாம் இருவரும் கான்ட்ராக்ட் ஆட்கள். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மண்ணூரில் ஐந்து பேரோடு ஒரே அறையில் கிடந்தேன். நீ மண்ணூர்க்காரன், சர்ச்சுக்குப் பின் தெருவில் அம்மாவோடு சொந்த வீடு. தகட்டை அமுக்கி வடிவம் கொடுக்கும் பிரஸ் மெஷின்களில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். என் பேச்சைக் கேட்டு நீ சிரிப்பாய், உன் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

அந்த வருடம் புனித வெள்ளிக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை.

"மச்சி, பன்னண்டுல இருந்து மூணு வரிக்கும் சர்ச்சுல இருக்கணும். அம்மா ஒரே பேச்சா பேசிகினு கீது. உன் மெஷின்தான் இன்னிக்கு ரிப்பேர்ல நிக்கிதே, எம் மெஷின்ல நின்னுக்கோயேன்" என்றாய்.

"போய்ட்டு வாலே. சாமிகிட்ட எனக்கும் சேத்துச் சொல்லு" என்றேன்.

அந்த மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. இடது பட்டன் அழுந்தியே இருக்கும்படி ஒரு மரச் சீவலைச் செருகிவிட்டால், ஒரு கை தகட்டைப் பிடித்துக்கொள்ளும், மறு கை பட்டனைத் தட்டும். உன் மெஷினில் அந்தச் சீவல் செருகியிருந்தது. சர்ச்சுக்குப் போகும் அவசரத்தில் எடுக்காமல் போய்விட்டாய். ஒன்றரை மணி வாக்கில் தகடு கோணிக்கொண்டது. நேராக்க இடது கையை நீட்டினேன். வலது கை பழக்கத்தில் பட்டனைத் தட்டிவிட்டது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில், சர்ச்சுக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றாய். உள்ளே வரத் தயங்கினாய். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அன்றிலிருந்து உன்னோடு பேசவில்லை.

கம்பெனியில் இனி வேலை இல்லை என்றார்கள். இந்தக் கையோடு ஊருக்குப் போய் நிற்க எனக்கு மனமில்லை. இங்கே வருமுன் மூன்று வருடம் தச்சு வேலை பார்த்திருந்தேன். அந்தத் தைரியத்தில் மண்ணூரில் பேக்கிங் பெட்டி அடிக்கும் கொட்டகையில் போய்க் கேட்டேன். முதலாளியம்மா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இந்த மாசம் முடியற வரிக்கும் பாப்போம்பா. ஆவலன்னா நீயே சொல்லிடு" என்றார்.

மரவேலையில் பாதி, மரத்தைப் பிடிப்பதுதான் என்பது அப்போதுதான் புரிந்தது. முழங்காலால் அமுக்கினேன், நெஞ்சால் அமுக்கினேன். ரம்பம் போட்டால் பலகை சுழன்றது, இழைப்புளி போட்டால் முன்னே ஓடியது. திருகு கிளாம்பைப் பூட்டலாமென்றால், அதை ஒரு கை தாங்கினால்தான் மறு கை திருக முடியும். ஆறியும் ஆறாத தோல் பிளந்து பலகையில் ரத்தம் பட்டது. அதை யாரும் பார்ப்பதற்குள் சுரண்டி எடுத்தேன். சாயங்காலம் தோறும் நீ கொட்டகைக்கு எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஷிப்ட் முடிந்து வருகிறாய் என்று நினைத்தேன்.

ஒரு நாள் உள்ளேயே வந்துவிட்டாய். கையில் யாரோ ஐ.டி.ஐ. பையனின் மரவேலைப் புத்தகம். அதில் ஒரு படம்: குடைக் காம்பு மாதிரி வளைந்த இரும்புக் கம்பி, அதன் கால் மேசைத் துளையில் இறங்கியிருக்கிறது, வளைந்த முனை பலகையை அமுக்கிக்கொண்டிருக்கிறது. கீழே ஹோல்டு பாஸ்ட் என்று பெயர்.

"இத பாரு மச்சி. தலையில ஒரு தட்டு தட்டினா புடிச்சுக்குதாம். பின்னால தட்டினா வுட்டுடுதாம். ஒரு கை போதும்" என்றாய். நான் அடுத்த பலகையை எடுத்தேன்.

அதைத் தேடிச் சென்னை பாரிமுனைக்குப் போனாய். கடைக் கடையாக ஹோல்டு பாஸ்ட் கேட்டாய். எல்லாரும் கதவு நிலையைச் சுவரில் பதிக்கிற இரும்புப் பட்டையைத்தான் எடுத்து வைத்தார்கள். நம் பக்கம் அந்தப் பேருக்கு அதுதான் சாமான். ஒரே ஒரு கடைக்காரர் வெளிநாட்டு கேட்லாக்கைப் பிரித்துக் காட்டி விலை சொல்ல, நீ அதை மூடிக் கையில் கொடுத்துவிட்டு வந்தாயாம். இதெல்லாம் பின்னால் நீயே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

பிறகு ஒரகடத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பதினாறு எம்.எம். முறுக்குக் கம்பித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அங்கேயே வளைத்து எடுத்து வந்தாய். துளையில் இறக்கி ஒரு அடி அடித்தேன். கம்பி துள்ளியது. பலகை எகிறி, மிஞ்சியிருந்த அந்தக் கட்டைவிரலில் அடித்தது. வலியை விட ஆத்திரம்தான் அதிகம். கம்பியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.

"எங் கைய எடுத்துட்டு இரும்புத் துண்டத் தாரியா? இனிமே என் கண்ணு முன்னால நிக்காதலே. போ!"

முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். நீ தெருவில் இறங்கிக் கம்பியைத் தேடி எடுத்தாய். சைக்கிள் கேரியரில் வைத்தாய். போய்விட்டாய்.

மூன்று வாரம் நீ வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, சர்ச் விட்டதும் உன் அம்மா தூக்குச் சட்டியோடு கொட்டகைக்கு வந்தாள்.

"நல்லா கீறியா கண்ணு? அவன் மூணு வாரமா சர்ச்சுக்கு வரல. காலைல பூடறான், சாயங்காலம் மூஞ்செல்லாம் கரியா வரான். படப்பைல கொல்லுப் பட்டறைக்குப் போறேன்றான், எதுக்குன்னு உங்கிட்டயாவது சொன்னானா?"

"நாங்க பேசிக்கிடறதில்லம்மா."

"அது தெரியும். அவனுக்கு வேல போனதாவது உனுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"நீ ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தப்பவே. மறு ஷிப்டுக்குப் போயி, லைன்ல கீற அத்தினி மெஷின்லயும் அந்தச் சீவலப் புடுங்கி சூப்ரவைசர் டேபிள் மேல கொட்டிட்டானாம். இனிமே இப்படி ஓட்ட மாட்டேன்னானாம். அப்ப நாளைலருந்து வராதன்ட்டாங்க."

தூக்குச் சட்டியை அப்படியே வைத்துவிட்டுப் படப்பைக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். அங்கே கடப்பாரை காய்ச்சிக் கொடுக்கும் ஒரு கொல்லுப் பட்டறையில் நீ இருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். வாரமெல்லாம் பட்டறைக்காரருக்குச் சம்மட்டி அடிப்பாயாம். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை உலையை உன்னிடம் விட்டிருந்தார். என்னைக் கண்டதும் இடுக்கியை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தாய். தரையில், துளை போட்ட ஒரு பலகைக்குப் பக்கத்தில், ஆறு கொக்கிகள் கிடந்தன. ஒன்றை விட ஒன்று நன்றாக வளைந்திருந்தது. முனையைக்கூடத் தட்டையாக அடித்திருந்தாய்.

"இன்னா பண்ணாலும் வழுக்கிகினு வருது மச்சி. வளைவெல்லாம் படத்துல கீறாப்பலதான் கீது" என்றாய், தலையைத் தூக்காமல்.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலத் துளைக்குச் சரியான உருட்டுக் கம்பி. துளையில் இறங்கும் கால் மட்டும் எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளத்தது.

"இத எதுக்குலே இப்படித் தேச்சே?"

"உங் கைல குத்தக் கூடாதேன்னுதான். உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்."

கொக்கியின் காலை விரலால் தடவிப் பார்த்தேன். "வழுவழுன்னு இருந்தா மரம் எதப் பிடிக்கும்? அரம் இருக்கா? எடு." கொக்கியைக் காலடியில் வைத்து மிதித்துக்கொண்டு, அதன் கால் முழுக்கக் குறுக்குக் குறுக்காக அரத்தால் கீறல் போட்டேன். "எம் பலகையும் கனம் பத்தாது. அடியில இன்னொன்னு சேத்து அடிக்கணும்." கை போன பிறகு தச்சனாக நான் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் காலை கொட்டகையில் இரண்டு பலகையைச் சேர்த்து அடித்தோம். நான் குறித்த இடத்தில் நீ துளை போட்டாய். கொக்கியை இறக்கினேன், பலகையை அதன் முனைக்குக் கீழே தள்ளினேன், தலையில் ஒரே ஒரு அடி. சத்தமே வேறு மாதிரி வந்தது. நீ பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாய். மேசைதான் ஆடியது, பலகை அசையவில்லை. ரம்பத்தை எடுத்தேன். கோடு பிசகாமல் அறுந்து விழுந்தது. பின்னால் தட்டினேன்; கொக்கி தளர்ந்து கையோடு வந்தது.

அடுக்கியிருந்த பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு நீ அழுதாய். எனக்குக் கேட்டது. உன் மேல் தப்பில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். "இன்னொன்னு வேணும்லே. நீளப் பலகைக்கு ரெண்டு பக்கமும் பிடிக்கணும்" என்றுதான் சொன்னேன். "நாளைக்கே எத்தினு வரேன்" என்றாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மாதக் கடைசியில் முதலாளியம்மா வந்து மேசையருகே நின்று பார்த்தார். "சரிப்பா, நீ இரு" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு எத்தனையோ வருடம். நீ படப்பையிலேயே வெல்டிங் கடை போட்டாய். பழைய ஷாஃப்ட், இரும்புப் பின் என்று எதையாவது காய்ச்சி, கேட்கிற கொட்டகைக்கெல்லாம் கொக்கி செய்து கொடுத்தாய். மறைமலை நகர் வரைக்கும் போயிற்று. இந்தப் பக்கம் விரல் போனவர்கள் கொஞ்ச பேரா? அவர்களில் யாராவது வந்து கேட்டால் விலையே சொல்ல மாட்டாய். நானும் தனியாகக் கடை வைத்தேன். பழைய மாதிரி சிரித்தோம், சாப்பிட்டோம். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போன வருடம் ஒரு காலை, கடையைத் திறந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான்.

உன்னை அடக்கம் செய்த மறு வாரம் அம்மாவைப் பார்க்கப் போனேன். சுவரில் உன் படத்தைப் பார்த்ததும் இத்தனை வருடம் அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

"அம்மா, அன்னைக்கு மெஷின்ல நிக்கும்போதே அந்தச் சீவல நான் பாத்தேன். எடுத்திருக்கலாம். டார்கெட் போயிருமேன்னு விட்டுட்டேன். எம் மெஷின்லயும் அப்படித்தான் வச்சு ஓட்டுவேன். அவன்தான் காரணம்னு அவனையே நெனைக்க விட்டுட்டேன்."

அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவனுக்குத் தெரியாதா கண்ணு? உம் மெஷின்ல இருந்ததயும் அவன்தான புடுங்கினான்" என்றாள். "'அப்ப ஏன்டா அவன் திட்டறதெல்லாம் வாங்கிகினு வர'ன்னு நானே கேட்டுட்டேன். 'கை போயி நிக்கறான்மா. எம் மேல கோவப்படறதாவது அவனுக்கு மிச்சம் இருக்கட்டும்'னான்."

சொல்லிவிட்டு எனக்குச் சாப்பாடு போட எழுந்து போனாள்.

நீ எல்லாம் தெரிந்தே என் ஏச்சை வாங்கிக்கொண்டாய். தெருவில் இறங்கிக் கம்பியைத் தேடி எடுத்தபோதும் தெரிந்துதான் எடுத்தாய். இப்போதெல்லாம் கடைக்கு வந்து யாராவது காரணமில்லாமல் என் மேல் எரிந்து விழுந்தால், உடனே பதில் சொல்ல வாய் வருவதில்லை. இவனுக்கு என்ன போயிற்றோ என்று ஒரு நிமிடம் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.