கிறிஸ்துமஸ் அன்று கதவு திறந்திருந்தது

தோர்ல்பெக்
2010 மார்ச் 4

அன்பு மகள் ராஸ்லினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் நன்றாகத்தான் இருக்கிறோம், மழை வருவதற்கு முந்தின நாளே என் முட்டி எனக்குச் சொல்லிவிடுகிறது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் பேத்தி டெஸ்ஸும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது, போன கடிதத்தில் அவளுக்குப் பல் விழுந்த கதையை எழுதினாயே தவிர இருமல் நின்றதா என்று எழுதவில்லை, நான் அதையேதான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பாதை நமக்குத்தான் என்று உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை நிலச் சொந்தக்காரன் டென்ஹாமின் ஆட்களே வந்து பாதையை அடைத்திருந்த கம்பியை அறுத்துச் சுருட்டி டிராக்டரில் போட்டுக்கொண்டு போனார்கள், நான் கொல்லைப்புறத்தில் நின்று கடைசிச் சுருள் ஏறும்வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

போனில் நீ கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றேன், உண்மையில் எனக்குத் தூக்கமே இல்லை. ஒன்றரை வருஷம் உன் அப்பாவின் கல்லறைக்கு நான் போனது நாலே தடவை, அதுவும் யாராவது காரில் கொண்டுபோய் விட்டால். தார் ரோட்டில் சுற்றிப் போனால் இரண்டு மைல், ஓரத்தில் நடக்க இடம் கிடையாது, பால் லாரிக்காரன் வேலியோடு என்னைத் தேய்த்துவிட்டுப் போவான். நம் கொல்லை வேலியில் இருக்கும் ஏறுபடி தாண்டி, ஆட்டு வயலுக்குள் இறங்கி, இடிந்த மடத்தின் வளைவுகளுக்கு நடுவே போய், ஓடைமேல் இருக்கும் குதிரைப் பாலத்தைத் தாண்டி, முத்தக் கதவு வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் எனக்கே இருபது நிமிஷம்தான். அந்தக் கதவு ஒரு ஆளுக்கு மேல் விடாது, முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரிடம் முத்தம் வாங்கிக்கொண்டுதான் விடவேண்டும் என்பார்கள், கல்யாணமான வருஷத்திலிருந்து சாகிறவரை உன் அப்பா ஒரு தடவைகூட எனக்குச் சும்மா வழி விட்டதில்லை, எனக்குக் காய்ச்சலடித்த அன்றும் விடவில்லை. அந்தக் கதவில்தான் டென்ஹாம் சங்கிலி போட்டான்.

விசாரணையைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னாய். நவம்பரில் ஊர்க்கூடத்தில் நடந்தது. அரசாங்கம் அனுப்பிய அதிகாரி ஒரு பெண்மணி, பொறுமையானவள், மூக்கு மட்டும் சிவந்திருந்தது, கூடத்தின் ஹீட்டரைப் பாதிரியாரின் பெண்டாட்டி வழக்கம்போல இரண்டில் வைத்திருந்தாள் (1969-இல் என் ஜாமுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தவளின் மருமகள்தானே, கை எப்படி நீளும்). சட்டம் இவ்வளவுதான். இருபது வருஷம் ஊர் ஜனங்கள் யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல் நடந்திருந்தால் அது பொதுப்பாதை. நடுவில் ஒரே ஒரு நாள், பாதை என்னுடையது என்று காட்டுவதற்காகவே சொந்தக்காரன் பூட்டியிருந்தால் போச்சு, எண்ணிக்கை முதலிலிருந்து. இத்தனை வருஷமாக அதில் நடந்தோம் என்று நாங்கள் நாற்பத்தொரு பேர் படிவம் எழுதிக் கொடுத்திருந்தோம். டென்ஹாமின் வக்கீல் ஒரே ஒரு காகிதத்தை எடுத்தார். பழைய பண்ணையாள் ஸிட் மகன் வீட்டில் படுக்கையில் கிடந்தபடி கையெழுத்துப் போட்டது. 1991 கிறிஸ்துமஸ் அன்று காலையிலிருந்து இருட்டும்வரை முதலாளி சொன்னபடி முத்தக் கதவைச் சங்கிலியால் பூட்டி வைத்தேன் என்று அதில் எழுதியிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் யார் வெளியே வருவார்கள், எல்லாரும் வாத்தையோ வான்கோழியையோ சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுப்பது.

நான் கையைத் தூக்கினேன். அன்றைக்கு அந்தக் கதவு திறந்திருந்தது, நான் அதன் வழியாகப் போனேன் என்றேன். வக்கீல் சிரித்தார். பதினெட்டு வருஷத்துக்கு முந்தின ஒரு நாளை எப்படிம்மா இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க என்று கேட்டார். நான் சொன்னேன், நீங்க ஒருதரம் என் புட்டிங்கைத் திட்டிப் பாருங்க தம்பி, உங்களையும் நாள் நேரத்தோட ஞாபகம் வச்சிருப்பேன் என்று. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை. உறைபனி, பாலத்துக் கல் வழுக்கியது. நீ லீட்ஸில் ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தாய். என் அம்மாவின் நீலக் கோடு போட்ட பீங்கான் கிண்ணத்தில் பிளம் புட்டிங்கைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மியூரியல் ஹாட்ஜ் வீட்டுக்குப் போனேன், அவள் பச்சைத் தொப்பியோடு முத்தக் கதவிலேயே எதிரே வந்தாள். வாங்கிக்கொள்ளாமல், போன வருஷம் நீ குடுத்ததை வெட்ட எங்க வீட்டுக்காரர் ரம்பம் தேடினாரு எனிட், இந்த வருஷம் நீயே வச்சுக்கோ என்றாள். அப்படின்னா ஓடை தின்னட்டும் என்று கிண்ணத்தோடு தூக்கித் தண்ணீரில் எறிந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றோடு அவளோடு பேச்சு நின்றது உனக்குத் தெரியும், காரணத்தை மட்டும் உனக்குக்கூடச் சொன்னதில்லை, சொல்ல வாய் வரவில்லை.

வக்கீல் விடவில்லை. இதைப் பார்த்தவங்க வேற யாராவது உண்டா என்றார். வேறு யார் உண்டு, மியூரியல்தான். அவள் கடைசி வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள், படிவமும் எழுதித் தரவில்லை. அவள் மருமகனின் ஆடுகள் மேய்வது டென்ஹாமின் நிலத்தில், வாய் திறந்தால் புல் போய்விடும். சத்தியமாகச் சொல்கிறேன் ராஸ்லின், எண்பத்துமூன்று வயசில் அன்றுதான் முதல் தடவையாக ஒருத்தியை முறைக்காமல் கெஞ்சுகிற மாதிரி பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்தாள். ஆமா, சொன்னேன், ரம்பம்னுதான் சொன்னேன், இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன், செங்கல் தோத்துடும் என்றாள். கூடமே சிரித்தது, எனக்குக் காது சுட்டது. அதற்குப் பிறகு சொன்னாள், ஆனா கதவு திறந்துதான் இருந்துச்சு, நான் ஒரு கையால அதைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், இவ அதுக்குள்ள பூந்து என் பக்கம் வந்துதான் கத்தினா, சங்கிலி போட்ட கதவுக்குள்ள பூந்து எவளாவது சண்டை போட முடியுமாய்யா, ஸிட் அன்னிக்குக் காலையிலேயே குடிச்சிட்டுக் கிடந்திருப்பான், வருஷா வருஷம் அதானே நடக்கும். அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

உத்தரவில் அந்தப் பெண்மணி எழுதியிருப்பதை அப்படியே பார்த்து எழுதுகிறேன், மூன்று தடவை படித்துவிட்டேன். பதினெட்டு ஆண்டுகளாக ஒருவருடன் ஒருவர் பேசாத இரு பெண்மணிகள் முன்கூட்டியே கலந்து பேசிச் சாட்சி சொல்லியிருக்க முடியாது, ஆகவே இருவர் சொல்லையும் நம்புகிறேன் என்று எழுதியிருக்கிறாள். மன்னித்துவிடு மன்னித்துவிடு என்று நீ எழுதின ஒவ்வொரு கடிதத்தையும் நான் வைத்திருக்கிறேன். உன் பேச்சைக் கேட்டு நான் அவளோடு ராசியாகியிருந்தால் இன்று பாதை போயிருக்கும், அதையும் கொஞ்சம் யோசித்துப் பார். மருமகனின் மேய்ச்சலுக்கும் ஒன்றும் ஆகவில்லை, எழுத்து ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருஷம் ஓடும், அதை அவள் முன்னாடியே கேட்டு வைத்துக்கொண்டுதான் எழுந்தாளாம், அவள் அப்படித்தான்.

நேற்றுக் காலை போனேன். வயல் ஈரம், மடத்துச் சுவரடியில் பனித்துளிப் பூ இன்னும் மிச்சம் இருக்கிறது, பாலத்தில் ஒரு கல் ஆடுகிறது, சொல்லவேண்டும். வரைபடத்தைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு ஜோடி மடத்து வளைவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், பாதை திறந்திருக்கா பாட்டி என்று கேட்டார்கள், நான்தான் திறந்தேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். முத்தக் கதவுக்கு அந்தப் பக்கம் மியூரியல் நின்றிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு வழி விடாமல் நின்றாள். உன் புருஷன் வில்ஃப் இருந்தா முத்தம் கேப்பான், எனக்கு அந்தக் கண்றாவி வேண்டாம், இதைப் புடி என்று ஒரு பையை நீட்டினாள். உள்ளே என் அம்மாவின் நீலக் கோட்டுக் கிண்ணம். அந்தக் கிறிஸ்துமஸ் சாயங்காலமே ஓடையில் இறங்கி எடுத்தாளாம், விளிம்பில் ஒரு சின்னச் சில்லு, வேறு ஒன்றும் இல்லை. பதினெட்டு கிறிஸ்துமஸ் அவள் புட்டிங் என் அம்மாவின் கிண்ணத்தில் வெந்திருக்கிறது, ராஸ்லின், அதில் மூன்று தடவை ஊரில் முதல் பரிசு வேறு. இதை நான் மறப்பேன் என்று நினைக்காதே. ஆனால் பையைக் கொடுத்த பிறகு கதவை அவள் திறந்து பிடித்துக்கொண்டாள், நான் அதன் வழியாகப் போய் உன் அப்பாவிடம் உட்கார்ந்துவிட்டு வந்தேன், திரும்பி வரும்போதும் அவள் அங்கேயே நின்றிருந்தாள், பாலம் தாண்டுகிறவரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மே மாதம் டிக்கெட் எடுத்தாயிற்று என்றாயே, இனி மாற்றாதே. புது பூட்ஸ் வாங்கிக்கொண்டு வராதே, அங்கேயே நாலு தடவை போட்டு நடந்து பழகின பூட்ஸாக இருக்கட்டும். ஆட்டுக்குட்டிகள் இருக்கும், போகிற வழியில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டுப் போகவேண்டும் என்று டெஸ்ஸுக்கு இப்போதே சொல்லி வை. இருமல் மருந்தைக் கையோடு கொண்டு வா. கடவுள் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் காத்து இந்த வாசலில் கொண்டுவந்து விடட்டும். தாத்தாவைப் பார்க்க டெஸ்ஸை ரோட்டு வழியாகக் கூட்டிப்போக மாட்டேன், அவள் என் முன்னால் கதவுக்குள் நுழையட்டும், பின்னால் நின்று நான் முத்தம் கொடுத்து வழி வாங்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
எனிட் ரெய்க்ஸ்